துணைக்கு வந்த க்யூபிட்கள்

மூன்று மணிக்குக் குழு வருகிறது. ஆய்வகத்துக்குப் பணம் ஒதுக்குகிறவர்கள். நால்வரில் மூவருக்கு, கணினி எது, அதைக் குளிர வைக்கும் பெட்டி எது என்று பிரித்துச் சொல்லத் தெரியாது. ஆனாலும் அவர்கள் முன்னால் விடை சரியாக வந்தால்தான் செல்லப்பாண்டிக்கு வேலை. வராவிட்டால் இந்த மாதத்தோடு அவன் வெளியே.

விடை வரவில்லை.

காலையிலிருந்து அந்தக் குவாண்டம் கணினியில் ஒரே நிரலை ஓட்டிக்கொண்டிருந்தான். ஒவ்வொரு முறையும் வேறொரு எண் வந்தது. ஏசி ஓடியும் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

பேராசிரியர் அமலோற்பவம் வந்து அவன் பின்னால் நின்றார்.

"மெஷின்லதான் கோளாறு மேடம். என் நிரல்ல தப்பே இல்லை."

"மெஷின் வந்து சாட்சி சொல்லாதுங்கிற தைரியமா? சரி, துணைக்கு எத்தனை க்யூபிட் எடுத்தே?"

க்யூபிட் என்பது அந்தக் கணினியின் நினைவில் ஆகச் சிறிய அலகு. இடைக்கணக்குகளைத் தாங்கிக்கொள்ளக் கூடுதலாகச் சிலவற்றைச் சேர்ப்பார்கள்.

"எட்டு."

"இடைக்கணக்கு முடிஞ்சதும் அதுங்களை என்ன செஞ்சே?"

"அழிச்சுப் பூஜ்ஜியமாக்கிட்டேன். அதுங்க வேலைதான் முடிஞ்சிடுச்சே?"

அமலோற்பவம் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"எங்க ஊர் உப்பளத்துல ஒரு தடவை கூலி உயர்வு கேட்டாங்க. சங்கத் தலைவர் ஒருத்தர் வந்தார். லாரி லாரியா ஆளுங்களை ஏத்திட்டுப் போய்க் கலெக்டர் ஆபீஸ் வாசல்ல உட்கார வச்சார். எங்க அம்மாவும் அதுல உண்டு."

"மேடம், மணி ஒண்ணரை..."

"கூலி கூடுச்சு. தலைவர் மாலையோட கார்ல ஏறினார். லாரி திரும்பி வரலை. ரோட்டுல நின்னவங்களைப் போலீஸ் அள்ளிட்டுப் போச்சு. அப்புறம் கோர்ட்டுக்கு அலையறதே அவங்க பொழப்பாச்சு."

"கூலி கூடுச்சுல்ல?"

"அடுத்த வருஷமே முதலாளி பழையபடி குறைச்சார். கேட்கப் போக ஒரு ஆள் வரலை."

செல்லப்பாண்டி திரையைப் பார்த்தான். எட்டும் பூஜ்ஜியமாக, சுத்தமாக இருந்தன. விடைதான் சிதறிக் கிடந்தது.

"நான் அழிச்சதுதான் விடையைக் கெடுத்துச்சா?"

"கணக்கோட பின்னிக்கிட்டதுங்க அது. நீ அறுத்தா ரெண்டு பக்கமும்தான் அறும்."

"வேற என்ன செய்யறது?"

"போன வழியே ஒவ்வொரு படியாத் திருப்பிக் கூட்டிட்டு வா. கிளம்பின இடத்துல கொண்டுவந்து விடு. தானா பூஜ்ஜியத்துக்கு வந்துடும்."

அவன் மனதுக்குள் கணக்குப் போட்டான். கடிகாரத்தைப் பார்த்தான்.

"அந்தப் பகுதி முழுசையும் தலைகீழா இன்னொரு தடவை எழுதணும் மேடம். பாதி முடியறதுக்குள்ள அவங்க வந்துடுவாங்க. அதுக்கெல்லாம் இப்போ நேரம் இல்லை."

அமலோற்பவம் எழுந்தார்.

"எங்க அம்மா அந்தத் தலைவரோட கார்க் கதவைப் பிடிச்சுக்கிட்டு, எங்களை ஊர்ல கொண்டு விடுங்கன்னு கேட்டாங்க. அவரும் இதையேதான் சொன்னார்."