எழுதப்படாத காரணம்

வலி நிவாரண மையத்தின் உரிமத்தைப் புதுப்பிக்க வந்த ஆய்வாளர் தணிகைநாதன், மார்ஃபின் என்னும் வலி மாத்திரைகள் இருந்த அலமாரியைப் பூட்டிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"நான் எண்ணி முடிக்கிறவரைக்கும் யாரும் தொடக்கூடாது!"

உள்ளே புற்றுநோயாளி செல்லையா முனகினார். அவருக்கு மாத்திரை வேளை. நர்ஸ் பூட்டைப் பார்த்துவிட்டுப் பின்வாங்கினாள்.

ஆயா மரியபுஷ்பம் மட்டும் பதிவேட்டை விரித்து வைத்தாள்.

"சரிங்கய்யா. வேளை தவறினா, தடுத்தவங்க காரணம் எழுதிக் கையெழுத்துப் போடணும். உங்க ஆபீஸ் போட்ட சட்டந்தான்."

ஆய்வாளர் பேனாவைத் திறந்தார். மறுபடியும் முனகல்.

"அவர் முனகுனது கேட்டுச்சுன்னும் சேர்த்து எழுதிருங்கய்யா."

பேனா நகரவில்லை. சாவிதான் வெளியே வந்தது.

நர்ஸ் மாத்திரை கொடுக்க, தண்ணீர் தம்ளரை ஆய்வாளரே பிடித்துக்கொண்டார். குடித்து முடித்த செல்லையா அவரை நிமிர்ந்து பார்த்தார்.

"வேலைக்குப் புதுசா தம்பி?"

"ஆமாங்கய்யா" என்றார் ஆய்வாளர்.