மூடி திறக்காத தொலைநோக்கி

ஞானசிகாமணி ஆய்வு மாணவராகச் சேர்ந்தபோது அவருக்கு நாற்பது வயது. வழிகாட்டியாக அமைந்த நஸ்ரீனுக்கு முப்பத்தொன்று. ஞானசிகாமணி நஸ்ரீனை ‘மேடம்’ என்பார். நஸ்ரீன் ஞானசிகாமணியை ‘சார்’ என்பார்.

ஏழு வருடம் ஓடிவிட்டது. ஞானசிகாமணி மார்த்தாண்டம் பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் இயற்பியல் விரிவுரையாளர். மாதம் இரண்டு முறை ரயிலேறி ஆய்வு நிலையத்துக்கு வருவார். அந்த வருடம் கல்லூரி நிர்வாகம் ஒரு சுற்றறிக்கை அனுப்பியிருந்தது. முனைவர் பட்ட ஆய்வில் முன்னேற்றம் காட்டாதவர்கள் ஜூன் மாதத்துக்குப் பிறகு விரிவுரையாளராகத் தொடர முடியாது.

அவருடைய ஆய்வு ஒரே ஒரு விண்மீனைப் பற்றியது. எப்போதோ வெடித்துச் சிதறி, மங்கிய புகையாக மிஞ்சியிருந்த விண்மீன். அந்தப் புகையில் மக்னீசியம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதற்கு விண்வெளியில் சுற்றும் எக்ஸ்ரே தொலைநோக்கியில் நேரம் கேட்டு விண்ணப்பிக்க வேண்டும். எவ்வளவு நேரம் பார்த்தால் போதும் என்பதற்கு, கணினியிலேயே ஒரு மாதிரி நிறமாலையை உருவாக்கிக் காட்ட வேண்டும். ஒரு தனிமம் இருந்தால் அதில் தனக்கென ஒரு கோடாக எழும்பி நிற்கும். வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணி கடைசி.

வியாழன் காலை நஸ்ரீனின் அறைக்கு வந்தவர், தோள்பையைக்கூட இறக்காமல் மடிக்கணினியைத் திறந்தார்.

“முப்பதாயிரம் விநாடி போதும் மேடம். மக்னீசியக் கோடு எப்படி நிக்குது பாருங்க.”

கோடு ஊசி மாதிரி நின்றது.

“கருவியோட பின்னணி எங்க சார்?”

“அதைச் சேர்க்கல மேடம். எப்படியும் கழிக்கத்தானே போறோம்? கழிக்கிறதுக்காக எதுக்குச் சேர்க்கணும்?”

நஸ்ரீன் தன் கணினியில் எதையோ தேடி எடுத்து அவருக்கு அனுப்பினார்.

“இது நிஜத் தரவு. அதே தொலைநோக்கி, அதே கேமரா. என்ன இருக்குன்னு பார்த்துச் சொல்லுங்க.”

“எந்த விண்மீன் மேடம்?”

“நீங்க சொல்லுங்க.”

“நாளைக்கு விண்ணப்பம் போகணுமே...”

“பார்த்துட்டு வாங்க.”

நூலகத்தில் ஒரு மூலையில் உட்கார்ந்தார். இருக்கிற நேரத்தில் இது வேறா என்று முணுமுணுத்துக்கொண்டே கோப்பைத் திறந்தார். ஆனால் நிறமாலை திரையில் விரிந்ததும் கை நின்றுவிட்டது. அவர் ஏழு வருடமாகத் தேடிய கோடு அங்கே இருந்தது. திரும்பத் திரும்பப் பொருத்திப் பார்த்தார். சாப்பிடப் போகவில்லை. ஒன்றரை மணிக்கு மூச்சு வாங்க ஓடி வந்தார்.

“மக்னீசியம் மேடம்! கோடு கொஞ்சம் தள்ளி இருக்கு. அதான் முதல்ல குழம்பிட்டேன். வாயு நம்மளப் பார்த்து வருது, அதான் தள்ளித் தெரியுது. விநாடிக்கு மூவாயிரம் கிலோமீட்டர் வேகம். வெப்பநிலைகூடக் கணக்குப் போட்டுட்டேன். இது எந்த விண்மீன்?”

“விண்மீன் இல்ல சார். தொலைநோக்கிக்கு மூடி போட்டிருந்தப்போ எடுத்தது.”

அவருக்குப் புரியவில்லை.

“மூடியிருந்தா உள்ள என்ன வரும்?”

“வெளியில இருந்து வெளிச்சம் எதுவும் வரல. விண்வெளித் துகள்கள் சுவரைத் துளைச்சுக்கிட்டு வந்து கேமராப் பெட்டியில மோதும். பெட்டி அலுமினியம். அடிபட்டா அது ஒளிரும். அதோட கோடு மக்னீசியத்துக்குப் பக்கத்துலயே இருக்கு. இதுதான் நான் காலைல கேட்ட பின்னணி.”

ஞானசிகாமணி நாற்காலியில் உட்கார்ந்தார்.

“வேகம்கூடக் கண்டுபிடிச்சேனே,” என்றார், யாரிடமோ சொல்வதுபோல.

பிறகு, “இப்ப நான் என்ன செய்ய?” என்றார்.

“பின்னணியைப் போடுங்க.”

“போட்டுட்டுக் கழிக்கணும்.”

“போட்டதையே கழிக்காதீங்க. அப்படிச் செஞ்சா எப்பவும் சரியா வந்துடும், நிஜத்துல அப்படி வராது. போடுறதுக்கு மூடி போட்டு எடுத்த பதிவு ஒண்ணு, கழிக்கிறதுக்கு அதே மாதிரி வேற ஒண்ணு. ரெண்டும் தனித்தனி ஏற்ற இறக்கத்தோட இருக்கட்டும். ஒரு தடவை பார்த்துட்டு வராதீங்க. மாதிரியை ஆயிரம் தடவை ஓட்டுங்க.”

வெள்ளி மூன்று மணிக்கு அவர் திரும்பி வந்தார். கண்கள் சிவந்திருந்தன. சட்டைகூட மாற்றியிருக்கவில்லை.

“முப்பதாயிரம் விநாடியில ஒரு தடவை கோடு வருது, அடுத்த தடவை காணோம். வேணும்னே மக்னீசியமே போடாம ஓட்டிப் பார்த்தேன். அப்பவும் பல தடவை வருது.”

“எவ்வளவு நேரம் வேணும்?”

“லட்சத்து நாற்பதாயிரம். இந்த மங்கின விண்மீனுக்கு அவ்வளவு யாரு தருவா?”

“தர மாட்டாங்க.”

“முப்பது கேட்டா?”

“தரலாம்.”

அவர் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

“மேடம், ஜூன் வந்தா எனக்கு அந்த வேலை இல்ல. மக நர்சிங் ரெண்டாம் வருஷம் படிக்கிறா. நேத்துக் காலைல காட்டின படம் இன்னும் என்கிட்ட இருக்கு. அதையே வச்சு முப்பது கேட்டுட்டா...”

நஸ்ரீன் மடிக்கணினியை அவர் பக்கம் திருப்பி வைத்தார்.

“விண்ணப்பம் உங்க பேர்ல போகுது சார்.”

நஸ்ரீன் எழுந்து போகவில்லை. எதிரே உட்கார்ந்து மாணவர்களின் விடைத்தாள்களைத் திருத்தத் தொடங்கினார்.

ஞானசிகாமணி முப்பதாயிரம் என்று அடித்தார். அழித்தார். மறுபடியும் அதையே அடித்தார். எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு வந்தார். ஐந்து மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது லட்சத்து நாற்பதாயிரம் என்று போட்டு, புதிய படத்தை இணைத்து அனுப்பினார்.

மூன்று மாதம் கழித்துப் பதில் வந்தது. நேரம் ஒதுக்க இயலவில்லை என்று இரண்டு வரி.

ஜூனில் கல்லூரி அவரை விரிவுரையாளர் பட்டியலிலிருந்து எடுத்து, ஆய்வகப் பயிற்றுநராகப் போட்டது. அவருடைய மேசையைப் புதிதாக வந்த ஒருவருக்குக் கொடுத்தார்கள்.

ஜூலையில், ஆய்வுக்கால நீட்டிப்புப் படிவத்தோடு நஸ்ரீனிடம் வந்தார். நஸ்ரீன் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். ஞானசிகாமணி படிவத்தை வாங்கிக்கொண்டார். ஆனால் போகவில்லை.

“ஒண்ணு கேக்கணும் மேடம். அன்னைக்கு முப்பதாயிரம் கேட்டிருந்தா கிடைச்சிருக்குமா?”

“கிடைச்சிருக்கும்.”

“மக்னீசியக் கோடு வந்திருக்குமா?”

“வந்திருக்கும் சார்,” என்றார் நஸ்ரீன். “அந்த விண்மீன்ல மக்னீசியம் இல்லாட்டியும் வந்திருக்கும்.”