வீட்டுக்கார அம்மாவின் பாஷை

"ஒரே ஒரு கேள்வியை மட்டும் உங்க பாஷையில சொல்லித் தாங்க்கா. வேற ஒண்ணும் வேண்டாம்."

கேட்டவள் பிரணிதா. கோவையில் பிளஸ் டூ படிக்கிற பெண்.

கேட்டது ஹிருத்திடம், அவள் விடுதி கேன்டீனில். ஹிருத் எத்தியோப்பியாக்காரி. மண்ணைப் பற்றி ஆராய்ச்சி செய்ய வந்தவள், மண்ணோடு சேர்த்துக் கொங்குத் தமிழையும் அள்ளிக்கொண்டாள். விடுதி வார்டனைக்கூட "கண்ணு" என்றுதான் கூப்பிடுவாள். வார்டனுக்கு ரிட்டயர் ஆகிற வயது.

"என்ன கேள்வி, கண்ணு?"

"எங்கப்பா உங்ககிட்ட என்ன பேசுவாரு?"

ஹிருத் விழித்தாள். "எங்கிட்டயா?"

"இல்லீங்க்கா. அல்மாஸ்னு ஒரு அம்மாகிட்ட."

பிரணிதாவின் அப்பா எத்தியோப்பியாவில் ஒரு பின்னலாடைத் தொழிற்சாலையில் சூப்பர்வைசராக இருந்தார். அல்மாஸ் அவர் வாடகைக்கு இருந்த வீட்டின் சொந்தக்காரி.

வருஷத்துக்கு ஒரு மாதம் லீவில் வருவார். வந்தால் பேப்பர் படிப்பார், தண்ணீர் கேட்பார், தூங்குவார். தினமும் போனில் பேசும்போதும் அதே கதைதான். இவர்கள் பேசுவார்கள், அவர் கேட்பார். கொஞ்ச நேரத்தில், "வீட்டுக்கார அம்மா காபிக்குக் கூப்பிடறாங்க பாப்பா, பேசிட்டு வர்றேன்" என்று வைத்துவிடுவார்.

போன வருஷம் அங்கேயே ஒரு சாலை விபத்தில் போய்ச் சேர்ந்தார்.

அதற்குப் பிறகு அல்மாஸ் அவ்வப்போது போன் செய்கிறாள். அவளுக்கு அந்த ஊர்ப் பாஷையான அம்ஹாரிக் மட்டும்தான் தெரியும். இவர்களுக்கு அது மட்டும் தெரியாது. அம்மா போனைக் காதில் வைத்துக்கொண்டு அழுவாள். அந்தப் பக்கமும் அழுகைச் சத்தம் கேட்கும். பிறகு லைன் கட்டாகிவிடும்.

"வீட்டுல வாயே தெறக்காத மனுசன் அங்க தெனமும் உக்காந்து பேசியிருக்காரு" என்றாள் பிரணிதா. "எனக்குப் பொறாமையா இருக்குதுங்க்கா."

"நானே கேட்டுச் சொல்லட்டுமா? அஞ்சு நிமிச வேலை."

பிரணிதா யோசித்தாள்.

"வேண்டாங்க்கா. எங்கப்பா பேசுனத நானே கேக்கணும்."

ஹிருத் கேள்வியைச் சொல்லிக் கொடுத்தாள். டீ ஆறுவதற்குள் மனப்பாடம் ஆகிவிட்டது. பிரணிதா தேங்க்ஸ் சொல்லிவிட்டு எழுந்தாள்.

"உக்காரு. நாந்தான் அல்மாஸ்னு வெச்சுக்க. எங்கிட்டக் கேளு."

கேட்டாள். திக்காமல் திணறாமல் கேட்டாள்.

ஹிருத் பதில் சொன்னாள். மூச்சு விடாமல், கையை ஆட்டி, நடுவில் ஒருமுறை சிரித்து, நீளமாகச் சொன்னாள்.

"இப்ப நான் என்ன சொன்னேன்?"

"தெரியலீங்க்கா."

"நாளைக்கு வா."

*

வீட்டில் கேலி செய்தார்கள். பிரெஞ்சு எடுத்தால் மார்க் வரும், ஜெர்மன் படித்தால் வேலை கிடைக்கும், இதைப் படித்து யாரிடம் பேசப்போகிறாய் என்றாள் அத்தை.

"ஒரு ஆள்கிட்ட" என்றாள் பிரணிதா.



எழுத்துகள் இருநூற்றுக்கும் மேல் என்றதும் மற்றவர்கள் ஓடிப்போவார்களாம். தமிழில் இருநூற்று நாற்பத்தேழைக் கண்டு தேறிய பிள்ளைக்கு அது பெரிதாகத் தெரியவில்லை. வினைச்சொற்கள்தான் படுத்தி எடுத்தன. சில நாள் அழுகைகூட வந்தது.

ஒருநாள் பஸ்ஸில் நடந்த சண்டையை அம்ஹாரிக்கில் தட்டுத்தடுமாறிச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஹிருத் சட்டென்று மூச்சை உள்ளே இழுத்தாள். கொஞ்சம் கழித்து இன்னொரு தடவை.

"மூச்சு வாங்குதுங்களாக்கா? தண்ணி கொண்டாரட்டுமா?"

"எதுக்கு? நீங்க 'ம்' கொட்டறீங்கல்ல, எங்க ஊர்ல அதுக்கு இப்படி. 'ஆமா, கேட்டுட்டுத்தான் இருக்கேன், மேல சொல்லு.'"

பிரணிதாவின் முகம் மாறிவிட்டது.

"என்னாச்சு, கண்ணு?"

"எங்கப்பா லீவுல வந்தா, அம்மா பேசறப்பெல்லாம் இப்படித்தான் இழுப்பாரு. வீசிங்னு நெனச்சு எக்ஸ்ரே எடுத்தோம். டாக்டர் நெஞ்சு சுத்தமா இருக்குதுன்னாரு. அம்மா நம்பவே இல்ல. தெனமும் ஆவி புடிக்க வெச்சாங்க. அவரும் பேசாம போர்வைக்குள்ள உக்காந்திருந்தாரு."

ஹிருத் சிரிக்க ஆரம்பித்து, பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் பிரணிதா அம்மாவிடம் இதைச் சொன்னாள். அம்மா அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே நின்றாள்.

"அப்ப நான் பேசுனதெல்லாம் காதுல வாங்கிட்டுத்தான் இருந்தாரா" என்றாள்.

*

"இன்னும் எத்தன நாள்தான் படிக்கறது? பேசலாம்னு நீங்க சொல்லவே மாட்டேங்கறீங்க."

"நான் எப்ப வேண்டாம்னேன்? போன் உங்கிட்டத்தான இருக்குது."

பிரணிதா தலையைக் குனிந்துகொண்டாள். உண்மையில் அவளுக்குப் பயம்.

"எங்களப் பத்திக் குறை சொல்லியிருந்தார்னா? அம்மா சரியில்ல, வீடு புடிக்கலன்னு?"

"இருக்கலாம்."

"அப்படிச் சொல்லாதீங்க்கா."

"அதுவும் புரியற அளவுக்கு இப்பப் படிச்சிட்ட. நான் என்ன பண்ணட்டும்?"

பிரணிதா போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள். மணி அடித்தது. அல்மாஸ் எடுத்தாள்.

யார் பேசுவது என்று அவள் பாஷையிலேயே சொன்னாள் பிரணிதா. அந்தப் பக்கம் ஏதோ பாத்திரம் கீழே விழுந்தது.

நலம் விசாரித்தார்கள். அந்த ஊரில் அது சீக்கிரம் முடியாது. ஆட்டுக்குட்டி வரைக்கும் நலம் கேட்டு முடிந்த பிறகு, பிரணிதா அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

"எங்கப்பா உங்களிடம் என்ன பேசுவார்?"



"தெரியாது, மகளே" என்றாள் அல்மாஸ்.

பிரணிதா தவறாகப் புரிந்துகொண்டோமோ என்று ஹிருத்தைப் பார்த்தாள். ஹிருத் சரிதான் என்று தலையசைத்தாள்.

"அவர் உங்கள் பாஷையில்தான் பேசுவார்" என்றாள் அல்மாஸ். "எங்கள் பாஷையில் மெஷின், நூல், சம்பளம், அவ்வளவுதான் அவருக்குத் தெரியும். சாயங்காலம் நான் காபிக்கொட்டை வறுப்பேன். எதிரில் உட்கார்ந்து பேசுவார். சிரிப்பார். ஒருநாள் அழுதார். எனக்கு ஒரு வார்த்தை புரியாது. ஆனாலும் கேட்டுக்கொண்டிருப்பேன்."

பிரணிதா போனை இன்னும் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள்.

"அவர் போன பிறகு எனக்கு இதே நினைப்பு. அத்தனை நாளும் அப்படி என்னதான் சொன்னார்? அதைக் கேட்கத்தான் உங்களைக் கூப்பிட்டேன். உன் அம்மா அழுதாள். நானும் அழுதேன். யாரைக் கேட்பது?"

அல்மாஸே தொடர்ந்தாள்.

"உட்கார்ந்ததும் முதலில் தினமும் ஒரே மாதிரி ஒன்று சொல்வார். கேட்டுக் கேட்டு அது மட்டும் மனதில் நின்றுவிட்டது. சொல்கிறேன். என்ன அர்த்தம் என்று சொல்."

அல்மாஸ் தொண்டையைச் செருமிக்கொண்டாள். பிறகு அப்பா பேசுகிற அதே இழுவையில், தமிழில் சொன்னாள்.

"எங்க பாப்பா இன்னிக்கு என்ன சொல்லுச்சு தெரியுங்களா?"

 ஹிருத்துக்கு இரண்டு பாஷையும் தெரியும். அவள் எழுந்து ஜன்னல் பக்கம் போய் வெளியே பார்த்துக்கொண்டு நின்றாள்.

பிரணிதா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அந்த வாக்கியத்தை அவள் அம்ஹாரிக்கில் படித்ததில்லை. ஆனால் அதிலிருந்த ஒவ்வொரு வார்த்தையும் தெரியும். ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்த்து, அதன் அர்த்தத்தைச் சொன்னாள்.

அந்தப் பக்கம் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காருகிற சத்தம் கேட்டது.

"சரி" என்றாள் அல்மாஸ். "அவரிடம் அப்படி என்ன சொன்னாய்?"