ரப்பர் காயின் கோபம்

அந்தக் காலத்தில் மரமும் மிளாவும் மனிதரும் ஒரே பேச்சுப் பேசினார்கள். பேசினார்கள் என்பதற்காக ஒருவரை ஒருவர் நம்பினார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். மிளா என்கிற அந்தப் பெரிய மான் மனிதனை நம்பவே இல்லை. நம்பாததால்தான் உயிரோடு இருந்தது. வெறுங்காலோடு காட்டுக்குள் நுழைகிறவனின் கால் வாடை அவனுக்கு முன்னால் காற்றில் வரும். முள் குத்தினால் "ஸ்ஸ்" என்பான். அட்டை கடித்தால் அதன் பரம்பரையையே திட்டுவான். இவ்வளவும் கேட்ட பிறகு நின்றுகொண்டிருக்க மிளாவுக்கு என்ன பைத்தியமா?

மலையடிவாரத்தில், ஓடைக்கரையில், நீலம்மை என்றொருத்தி வாழை வைத்திருந்தாள். வருஷத்தில் எட்டு மாதம் அங்கே சேறு. விரலிடுக்கெல்லாம் சேற்றுப்புண் வந்து, ஒருநாள் நடக்க முடியாமல் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டாள். பக்கத்தில் நின்ற ரப்பர் மரம் கேட்டது.

"என்ன நீலம்மை, எழும்பவில்லையா?"

"காலு போச்சு. காலு போனா வாழை போச்சு. வாழை போனா சோறும் போச்சு."

மரம் கிளையைத் தாழ்த்தி அவள் காலைப் பார்த்தது. பிறகு சொன்னது: "என் பட்டையைக் கீறிப் பால் எடுத்துக்கொள். களிமண்ணில் உன் காலைப் போலவே ஒரு கால் செய்து, அதன்மேல் பாலைப் பூசினால் பூட்ஸ் ஆகும். ஆனால் காலையில் அளவெடுக்காதே. வேலை முடிந்து கால் வீங்கியிருக்கும் சாயங்காலத்தில் எடு. விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் இடம் விடு, இல்லாவிட்டால் நகம் செத்துப்போகும். முழங்கால் வரை உயரம் வேண்டும். ஒரேயடியாகக் கனமாக ஊற்றாதே. மெல்லிசாகப் பூசு, புகையில் காட்டு, மறுபடி பூசு. அடிப்பாகத்துக்கு மட்டும் இரண்டு மடங்கு. காய்ந்ததும் உள்ளே இருக்கிற களிமண்ணை உடைத்துக் கொட்டிவிடு."

"நான் உனக்கு என்ன தரணும்?"

"ஒரு வாக்கு. இதைப் போட்டுக்கொண்டு உயிரெடுக்கப் போகக் கூடாது."

நீலம்மை மரத்தின்மேல் கைவைத்து, "போக மாட்டேன்" என்றாள்.

பூட்ஸ் ஒரு மழைக்காலம் முழுக்க உழைத்தது. கிழியவில்லை, கடிக்கவில்லை. புண் ஆறிப் புதுத்தோல் வந்தது.

அவளுக்கு மாத்தாண்டன் என்று ஒரு தம்பி. வேட்டைக்காரன் என்று பெயர். பெரும்பாலும் வெறுங்கையோடு திரும்புவான். ஒரு விடிகாலையில் அவன் அக்காவின் பூட்ஸுக்குள் காலை விட்டுப் பார்த்தான். அவளுடைய வீங்கிய காலுக்கு விட்ட இடம் அவனுடைய வீங்காத காலுக்குச் சரியாக இருந்தது.

அன்று அவன் முள்மேல் நடந்தான்; "ஸ்ஸ்" என்று சொல்லவில்லை. அட்டைகள் வழுக்கி விழுந்தன. புதருக்குள் ஒரு மிளாக் கன்று படுத்திருந்தது. ஈட்டி ஒரே தடவைதான் போயிற்று.

தண்ணீர் குடிக்கப் போயிருந்த தாய் திரும்பி வந்து இரத்தத்தைப் பார்த்தது. நேரே ரப்பர் மரத்திடம் ஓடி வந்தது.

"மனிதன் வந்திருந்தால் கால் வாடை வந்திருக்கும். வந்தது உன் வாசனை! நீதானே என்று கன்று அசையாமல் படுத்திருந்தது. நானும் நிதானமாகத் தண்ணீர் குடித்தேன். உன் பாலில் நடந்து வந்து கொன்றிருக்கிறான். உனக்கு நான் என்ன செய்தேன்?"

மரத்தின் பழைய கீறல்களில் மறுபடி பால் கசிந்தது.

உச்சிவெயில் ஏறியபோது மாத்தாண்டன் தோளில் கன்றோடு அந்த வழியே வந்தான். வெறுங்காலோடு சேற்றில் நின்ற நீலம்மை ஓடிப்போய் மறித்தாள்.

"ஏல, யாரைக் கேட்டு எடுத்தே?"

"கோவப்படாதே அக்கா. தொடைக்கறி உனக்குத்தான்."

"கறியைக் கொண்டு குப்பையில போடு! நான் மரத்துக்கு வாக்குக் குடுத்திருக்கேன்."

"நீ குடுத்தே. எங்கிட்ட யாரு கேட்டா?" அவன் மரத்தை அண்ணாந்து பார்த்துச் சிரித்தான். "இதுக்குக் கோவம் வந்தா என்ன செய்யும்? எழும்பி ஓடியா வரும்?"

அவனை வரப்பில் தள்ளி, பூட்ஸ் இரண்டையும் உருவினாள் நீலம்மை. அவற்றில் கன்றின் இரத்தம் காய்ந்திருந்தது. மடியிலிருந்த வாழைக்கத்தியை அவற்றின்மேல் ஓங்கினாள். மறுபடி புண் வரும், மறுபடி உட்காரவேண்டிவரும் என்று தெரிந்தேதான் ஓங்கினாள்.

"வெட்டாதே" என்றது மரம். "உன் கால்மேல் எனக்குக் கோபம் இல்லை. இவனிடமும் வாக்குக் கேட்காமல் விட்டது என் பிழை. இனி நான் யாரிடமும் வாக்குக் கேட்கப்போவதில்லை."

அதுவரை ரப்பர் காய்கள் முற்றினால் ஓசையில்லாமல் வாய் திறந்து விதையை உதிர்ப்பதுதான் வழக்கம். அன்று மரம் தன் கோபம் முழுவதையும் காய்களுக்குள் ஏற்றியது. படார்! ஒரு காய் வெடித்து, விதை மாத்தாண்டனின் நெற்றியில் அறைந்தது. படார், படார் என்று மலைச்சரிவு முழுக்க மற்ற ரப்பர் மரங்களிலும் வெடித்தது. அவன் துள்ளிக் குதித்து முள்ளின்மேல் நின்றான். "ஐயோ!" என்று அலறியது எட்டு மலைக்குக் கேட்டது. மிளாக்கள் எல்லாம் ஓடி மறைந்தன.

மரம் அதற்குப் பிறகு மனிதரிடம் ஒரு சொல்லும் பேசவில்லை.

அன்று முதல்தான் வெயில் ஏறினால் ரப்பர் காய்கள் வெடிக்கின்றன. அந்தச் சத்தத்துக்கு மிளா காது நிமிர்த்துகிறது. ஒளிந்து வருகிறவனுக்கு நெஞ்சு திடுக்கிடுகிறது. பூட்ஸ் போட்டுச் சேற்றில் வேலை செய்கிற பெண்கள் மட்டும் தலை நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. அந்தக் கோபம் தங்கள்மேல் இல்லை என்று அவர்களுக்குத் தெரியும்.