வராதவர் பெயர்

தருவைக்கரை உப்பளத்து ஊர். காற்றில்கூட உப்பு இருக்கும். அந்த ஊரின் ஓரத்தில் ஒரு விளக்குக் கூடம். அதில் விளக்கேற்றி, பசித்து வருகிறவர்களுக்குக் கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தாள் வெயிலுகந்தாள் அம்மாள். இருபது வருஷம் உப்பு வாரிய கை அவளுக்கு. பாதத்தில் வெடிப்பு இன்னும் ஆறவில்லை.

ஊர்ப் பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியர் ஆறுமுகநயினார் அவளைவிடப் பதினைந்து வயது மூத்தவர். ஆனாலும் மனசு ஒருத்தரைக் குருவென்று ஏற்றுக்கொண்ட பிறகு வயசா குறுக்கே வரும்? மனைவி தவறிய நாளிலிருந்து சாயங்காலம் தவறாமல் அவளிடம் வந்து உட்கார்ந்து போவார்.

அன்று திங்கட்கிழமை. முகம் வாடிப்போய் வந்தார்.

"தண்ணி குடிக்கீங்களா சார்?"

"வேண்டாம்மா. கொண்டாந்திருக்கேன்." டவுனிலிருந்து தினம் கொண்டுவரும் பாட்டிலைத் தட்டிக் காட்டினார்.

அவள் விளக்குத் திரியை நீவிக்கொண்டே காத்திருந்தாள்.

"பெத்தவங்களப் பள்ளிக்கூடத்துக்கு வரவைக்க என்னம்மா வழி?"

"என்ன நடந்தது?"

"இன்னைக்குக் கூட்டம் போட்டேன். நாற்பது நாற்காலி. பருப்பு வடை, டீ. பதினோரு மணிக்கு வாங்கன்னு பிள்ளைங்ககிட்ட நோட்டீஸ் குடுத்து விட்டேன். ஒரு ஈ காக்கா வரல. இல்ல, காக்கா வந்துச்சு. வடைக்கு."

அவள் சிரித்தாள். அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

"வெள்ளிக்கிழமை ஜில்லாவிலிருந்து அதிகாரி வாராரும்மா. அன்னைக்கு மறுபடி கூட்டம், அதுல கூடவே உக்காருவாராம். டெல்லிப் பணமும் சேர்ந்து வார பள்ளிக்கூடம். அடுத்த வருஷம் என்ன வேணும்னு தாய் தகப்பன கேட்டுத்தான் எழுதணும். அது சட்டம். ஒருத்தரும் வரலன்னா எம் மானம் போயிரும். அடுத்த மாசம் ஓய்வு பெறப்போற நேரத்துல."

"இத்தன நாள் கூட்டத்துக்கு வந்தாங்கல்லா?"

நயினார் பையிலிருந்து ஒரு நீள நோட்டை எடுத்து அவள் முன்னால் வைத்தார். கூட்டப் பதிவேடு. மாசத்துக்கு ஒரு பக்கம், முப்பத்தாறு பக்கம். முத்து முத்தான கையெழுத்து. ஒவ்வொரு பக்கத்திலும் 'வந்தோர்' என்று ஒரு கட்டம். அதில் பள்ளி மேலாண்மைக் குழுவிலிருக்கும் பதினெட்டுத் தாய்மாரின் கையெழுத்து. பக்கத்தில் 'வராதோர்' என்று ஒரு கட்டம். அது எல்லாப் பக்கத்திலும் காலி.

"இதுல ஒரு கூட்டம்கூட நடக்கலம்மா," என்றார் தாழ்ந்த குரலில். "பாவம், உப்பளத்துக்குப் போற சனம், எதுக்கு அலைய விடணும்னு நானே எழுதி, நோட்ட வீடு வீடா குடுத்துவிட்டுக் கையெழுத்து வாங்கிருவேன். முப்பத்தாறு மாசம். அதிகாரி வந்து 'போன மாசம் என்ன பேசினீங்க'ன்னு ஒரு ஆளக் கேட்டா முடிஞ்சது."

வெயிலுகந்தாள் நோட்டை எடுத்து விளக்குப் பக்கம் வைத்துக்கொண்டாள்.

"இது இங்க இருக்கட்டும். வெறுங்கையோட போங்க, வீடு வீடா."

"போய் என்ன சொல்ல?"

"சொல்லாதீங்க. கேளுங்க. 'உங்க பிள்ளையப் பத்தி எனக்குத் தெரியாத ஒண்ணு சொல்லுங்க'ன்னு கேளுங்க."

"அதுக்கும் கூட்டத்துக்கும் என்னம்மா?"

அவள் கஞ்சிப் பானையைக் கிளறப் போய்விட்டாள்.

மறுநாள் சாயங்காலம் நயினார் வந்தபோது சட்டை வேர்வையில் நனைந்திருந்தது.

"மூணு வீடு போனேம்மா. மூணு வீட்லயும் பிள்ளைங்களுக்கு அடி."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"வாயத் தொறந்தாத்தானே? வாசல்ல என் தலை தெரிஞ்சதும் ஒருத்தி, 'ஏலே, என்னல செஞ்சு தொலைச்ச'ன்னு பயல முதுகுல ரெண்டு வச்சா. அடுத்த வீட்ல தகப்பன் கயிற எடுத்துட்டான். மூணாவது வீட்ல அந்தப் பிள்ள எனக்கு முன்னாடியே பின்வாசல் வழியா ஓடிருச்சு. ஓடுனதுக்காக அதுக்கு அடி."

"இதுக்கு முன்னாடி அந்த வீடுகளுக்குப் போயிருக்கீங்களா?"

"போகல. வரச்சொல்லி ஆள் விட்டிருக்கேன்."

"எப்ப?"

நயினார் யோசித்தார். "ஏதாவது புகார் இருந்தா."

அவள் விளக்குக்கு எண்ணெய் ஊற்றினாள். வெளியே லாரி ஒன்று உப்பு ஏற்றிக்கொண்டு போயிற்று.

"நாளைக்கும் போகணுமாம்மா? பிள்ளைங்க அடி வாங்குமே."

"அப்ப தெருவுக்குள்ள நுழையும்போதே முதல்ல எதச் சொல்லணும்னு உங்களுக்குத் தெரிஞ்சிருச்சே."

புதன்கிழமை, சாயங்காலம் ஐந்து மணி. உப்பளத் தெருவில் இதுவரை யாரும் கேட்டிராத ஒரு சத்தம் கேட்டது.

"யாரும் ஒரு தப்பும் செய்யல! யாரும் ஒரு தப்பும் செய்யல!"

கோலமாவு விற்கிறவர் மாதிரி கூவிக்கொண்டு வந்தவர் தலைமையாசிரியர். பின்னால் ஒரு படை பிள்ளைகள். "சாருக்கு வெயில் தலைக்கேறிட்டுடி" என்று ஒரு கிழவி சொன்னது அவர் காதிலேயே விழுந்தது. ஆனால் அன்று ஒரு முதுகிலும் அடி விழவில்லை.

பேச்சியம்மாள் வீட்டு வாசலில் நின்றார். அவள் மகள் சந்தனமாரி ஐந்தாம் வகுப்பு. வகுப்பில் வாயே திறக்காத பிள்ளை. 'ஊமைக் கோட்டான்' என்று ஒருநாள் அவரே சொல்லியிருக்கிறார்.

பேச்சியம்மாள் பதறி எழுந்து, இருந்த ஒரே பிளாஸ்டிக் நாற்காலியை முந்தானையால் துடைத்துப் போட்டாள். நயினார் உட்கார்ந்து, கேட்க வேண்டியதைக் கேட்டார்.

"எம்பிள்ளையப் பத்தியா? உங்களுக்குத் தெரியாததா?" அவளுக்கு வெட்கம். "எனக்கு என்ன சார் தெரியும். அவ உங்கள மாதிரியே பாடம் நடத்துவா, அது தெரியுமா?"

"யாரு, சந்தனமாரியா?"

"இல்லாத கண்ணாடிய மூக்கு நுனிக்கு எறக்கி விட்டுக்கிட்டு, 'ஏ கூறுகெட்ட கூட்டமே'ன்னு. அப்படியே நீங்கதான். அவதான் எனக்கு எழுதச் சொல்லிக் குடுத்தா."

கதவுக்குப் பின்னால் சந்தனமாரி முகத்தை மூடிக்கொண்டாள்.

அப்போதுதான் அவர் சுவரைப் பார்த்தார். அடுப்புக்கரியால் எழுதிய எழுத்து. பேச்சியம்மாள், பேச்சியம்மாள், பேச்சியம்மாள். முதல் வரி நண்டு ஊர்ந்த மாதிரி. கீழே வர வர நிமிர்ந்து, கடைசி வரி தெளிவாக இருந்தது.

"இது என்னம்மா?"

"உங்க நோட்டுக்குத்தான் சார். முதல் மாசம் ரேகை வச்சுக் குடுத்து விட்டேன். 'சார் கையெழுத்துல்லா கேட்டாங்க'ன்னு பிள்ள அழுதுட்டா. பிறகு ரெண்டு பேருமா ராப்பகலா எழுதி எழுதிப் படிச்சோம். இப்பம் நோட்டு வந்தா கைகால் கழுவி, சாமி முன்னால வச்சு எடுத்துத்தான் போடுவேன். மாசாமாசம் பள்ளிக்கூடம் எங்கிட்ட ஒரு வார்த்த கேக்குதுல்லா."

நயினார் சுவரின் கடைசி வரியை மறுபடி வாசித்தார்.

"அதுல என்ன எழுதியிருக்கும் சார்? பிள்ளையால எல்லாத்தையும் வாசிக்க முடியல. உங்க எழுத்து கூட்டெழுத்துங்கா."

பொய் சொல்லியிருக்கலாம். முப்பத்தாறு பக்கத்துக்குச் சொன்னவர்தான். ஆனால் அந்தச் சுவருக்கு முன்னால் அது வரவில்லை.

"நீங்க பேசினதா நானே எழுதியிருக்கேம்மா. 'பள்ளியின் செயல்பாடு மிகுந்த மனநிறைவு அளிக்கிறது. பெரிய காணொலித் திரை ஒன்று வாங்க வேண்டும் எனத் திருமதி பேச்சியம்மாள் கேட்டுக்கொண்டார்'னு."

"நானா?" அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "நல்லாத்தான் பேசியிருக்கேன்." சிரிப்பு மெல்ல அடங்கியது. "நான் பேசியிருந்தா அப்படிப் பேசியிருக்க மாட்டேன் சார்."

"என்ன பேசியிருப்பீங்க?"

அவள் மகளைப் பார்த்தாள். மகள் தரையைப் பார்த்தாள்.

"பள்ளிக்கூடத்துத் தண்ணி கரிக்கும் சார். வாய்ல வைக்க முடியாது. இவ காலையில ஒரு சொம்பு குடிச்சிட்டுப் போனா, சாயந்திரம் வந்துதான் அடுத்த சொம்பு. நாக்கு மேலண்ணத்துல ஒட்டிக்கிடும்பா. அதுக்கு மேல வகுப்புல உங்ககிட்ட என்னத்தப் பேசுவா? வீட்டுக்கு வந்து தண்ணி குடிச்சதும் தொறந்த வாய் மூடாது."

நயினார் தன் தோள்பையைப் பார்த்தார். பாட்டிலின் மூடி வெளியே தெரிந்தது. பதினோரு வருஷமாக அந்தப் பள்ளிக்கூடத்தில் இருக்கிறார். ஒருநாளும் அந்தக் குழாயில் அவர் தண்ணீர் குடித்ததில்லை.

"இத ஏன் திங்கட்கிழமை வந்து சொல்லல?"

"பதினோரு மணிக்குக் கூப்பிட்டா எப்படி சார்? அப்பம் உப்புப் பாத்தியில நிப்போம். கால எடுத்தா கங்காணி அடுத்த நாள் வரவேண்டாம்னுருவான். சாயந்திரம் அஞ்சு மணின்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா தெருவே வந்திருக்குமே."

வியாழக்கிழமை சாயங்காலம் விளக்குக் கூடத்துக்கு வந்த நயினார் எல்லாவற்றையும் சொன்னார். பதினெட்டு வீட்டையும் சொன்னார். எந்தப் பிள்ளைக்கு இருட்டானால் கண் தெரியாது, எந்தப் பிள்ளை தம்பிக்கு முட்டையை மறைத்துக் கொண்டுபோகிறது, எல்லாம். சொல்லி முடிக்கும்போது குரல் கம்மிவிட்டது.

"கொஞ்சம் தண்ணி குடுங்கம்மா."

அவள் சொம்பில் தந்தாள். கரித்தது. முகம் சுளிக்காமல் குடித்தார்.

"நாளைக்குக் கூட்டத்த அஞ்சு மணிக்கு மாத்திட்டேன். அதிகாரியும் சரின்னுட்டாரு. ஆனா இந்த நோட்டு இருக்கே. இத மறைக்கவும் முடியல, காட்டவும் முடியல. கிழிச்சிரட்டுமா?"

"பேச்சியம்மா சாமி முன்னால வச்சு எடுத்த நோட்டையா?"

அவர் சொம்பைக் கீழே வைத்தார்.

வெயிலுகந்தாள் நோட்டைக் கொண்டுவந்து முதல் பக்கத்தைத் திறந்தாள். பதினெட்டுப் பெயர்களின்மீதும் விரலை ஓட்டினாள். அந்தப் பக்கத்தில் பேச்சியம்மாளுக்கு ரேகைதான் இருந்தது. பிறகு விரல் பக்கத்துக் கட்டத்துக்குப் போய் நின்றது. காலியாகக் கிடந்த 'வராதோர்' கட்டம்.

"இதுல ஒரு பேர் விட்டுப்போச்சு சார்."

"எல்லாரும் கையெழுத்துப் போட்டிருக்காங்களேம்மா. யாரு விட்டுப்போனது?"

அவள் பேனாவை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

"பதினெட்டுப் பேரும் மாசம் தவறாம கையெழுத்தாவே வந்திருக்காங்க. வராதது நீங்க ஒருத்தர்தான். முப்பத்தாறு பக்கத்துலயும் எழுதிட்டு, நாளைக்குக் கூட்டத்துல முதல்ல அத வாசிங்க."

நயினார் நோட்டைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். பிறகு பேனா மூடியைத் திறந்தார்.