கரடியும் ஓட்டைச் சுரைக்குடுக்கையும்

ஒரு காட்டில் கரடி ஒன்று இருந்தது. எதையும் அளந்து கொடுக்க அதற்குத் தெரியாது, அள்ளித்தான் கொடுக்கும்.

அது தன் குகை வாசலில் ஈழத்தலரி என்னும் பூமரத்தின் கிளை ஒன்றை நட்டது. மழை பெய்தது, கிளை தளதளவென்று இலை விட்டு மரமானது. போவோர் வருவோரை எல்லாம் கரடி பிடித்து நிறுத்தி, "என் பிள்ளையைப் பார்த்தீங்களா?" என்று கேட்கும். அந்தப் பேச்சு லேசில் முடியாது என்பதால் முயல் சுற்றுவழியில் போகப் பழகியது.

பனிக்காலம் வந்தது. இலையெல்லாம் பழுத்துக் கொட்டியது. மரம் மான்கொம்பு போல மொட்டையாக நின்றது.

"ஐயோ, பிள்ளைக்குத் தாகம்!" என்று கரடி சுரைக்குடுக்கையைத் தூக்கிக்கொண்டு ஓடைக்கு ஓடியது. காலையில் ஊற்றியது, மதியம் ஊற்றியது, பொழுது சாயும்போது இன்னொரு தடவை ஊற்றியது.

எதிர்ப் பாறை இடுக்கில் இருந்த அணில் இறங்கி வந்து மரத்தின் அடியை அழுத்திப் பார்த்தது. கனிந்த வாழைப்பழம் போல உள்ளே போனது. அணிலுக்குப் பகீரென்றது.

"அண்ணே, இது தாகமில்லை, தூக்கம். பனி முடியட்டும், தானே எழுந்திரிக்கும். அடி அழுகுது, தண்ணியை நிறுத்துங்க."

"பச்சைப் பிள்ளையைக் காயப் போடச் சொல்றியா? உனக்கு நெஞ்சு இருக்கா?"

"இருக்கு அண்ணே. கொஞ்சம் சின்னது."

"அதான் தெரியுதே!"

இனிப் பேசிப் பயனில்லை என்று அணிலுக்குப் புரிந்தது. மரம் சாய்ந்தால் கரடி தாங்காது. அதனால் கரடி உண்டு உறங்கிய நேரம் பார்த்து, குடுக்கையின் அடியைக் கறுக் கறுக்கென்று கொறித்து ஓட்டை போட்டது.

மறுநாள் கரடி தண்ணீர் மொண்டு ஓடிவந்தது. கவிழ்த்தால் ஒரு சொட்டு இல்லை! திரும்ப ஓடியது. இன்னும் வேகமாக ஓடியது. அப்போதும் இல்லை. குடுக்கையைத் திருப்பிப் பார்க்க அதற்கு நேரம் ஏது?

"மாமா, யாரோடு பந்தயம்?" என்று மரக்கிளையிலிருந்து மைனா கத்தியது.

"தண்ணியோடு!"

"ஜெயிக்கிறது யாரு?"

"இதுவரைக்கும் தண்ணிதான்!"

பனிக்காலம் முழுவதும் கரடி ஓடியது. அது ஓடிய தடமெல்லாம் பசும்புல் முளைத்தது. முயல் சுற்றுவழியை விட்டு அங்கேயே மேய வந்துவிட்டது.

ஒரு நாள், ஓடிவந்த கரடி மூக்கைத் தூக்கியபடி பாதி வழியில் நின்றது. வாசம்! இறுகிக் காய்ந்த அடிமரத்தின் மேலே, இலையில்லாத கிளை நுனிகளில் கொத்துக் கொத்தாக வெள்ளைப் பூக்கள். ஒவ்வொன்றின் நடுவிலும் மஞ்சள்.

கரடி தையா தக்காவென்று குதித்தது. "பார்த்தியா அணிலு! நான் ஓடின ஓட்டத்துக்கு மனம் இரங்கிப் பூத்துடுச்சு!"

"அண்ணே, அந்தக் குடுக்கையைக் கொஞ்சம் திருப்பிப் பாருங்க."

கரடி திருப்பியது. ஓட்டையில் கண்ணை வைத்தது. அந்த வட்டத்துக்குள் பூ தெரிந்தது.

"அப்போ, நான் கொண்டாந்த தண்ணி…"

"எல்லாம் முயல்தான் தின்னுச்சு, புல்லா."

கரடி வயிறு குலுங்கச் சிரித்தது. ஒரு பூவைப் பறித்து அணிலின் தலையில் வைத்தது. பூவுக்கடியில் அணிலே மறைந்துவிட்டது. கரடி அடுத்த பூவுக்குக் கை நீட்டியது.

"அண்ணே! ஒண்ணு போதும்!" என்றது பூ.

கரடி கையை இழுத்துக்கொண்டது.

நீதி: வேண்டும்போது கொடுப்பது போலவே, வேண்டாதபோது கையை அடக்கிக்கொள்வதும் அன்புதான்.