மொட்டை மரத்தில் ஒளிந்த கிளி

தேக்கங்காட்டின் நடுவே ஒரு பாலர் பள்ளி இருந்தது. அங்கே பாடம் நடத்தியது ஒரு காட்டுக்கோழி. கொக்கொக்கென்று சதா பரபரப்பாக இருக்கும். முயல்குட்டிகள் மூன்று, ஒரு முள்ளெலிக் குட்டி, ஒரு கிளிக்குஞ்சு. இவ்வளவுதான் வகுப்பு.

கிளிக்குஞ்சின் பெயர் பவழமூக்கி. அதற்குத் தன் ஞாபகசக்தி மேல் அப்படி ஒரு பெருமை! எந்தப் பாட்டையும் ஒருமுறை கேட்டால் போதும், கடகடவென்று ஒப்பித்துவிடும். எல்லாரும் கொட்டாவி விட்டாலும் நிறுத்தாது. அதிலும் மழைக்காலத்தில் கற்ற வல்லூறுப் பாட்டு என்றால் அதற்கு உயிர்.

"வல்லூறு வானில் வந்தாலே
விரைந்து ஓடு முன்னாலே!
இலைக்குள் புகுந்து ஒளிஞ்சுக்கோ
கம்முனு கொஞ்சம் இருந்துக்கோ!"

பனி விலகியது. இலையுதிர் காலம் வந்தது. பொலபொலவென்று கொட்டிய தேக்கிலைகளில் பள்ளிக்கூடமே முழங்கால் வரை மூழ்கிப்போனது.

"பிள்ளைகளா! இன்றைக்குப் பாட்டும் இல்லை, பாடமும் இல்லை! எல்லாரும் இலைக்குள் குதியுங்கள்!" என்று கூவியது கோழி டீச்சர்.

அடேயப்பா, அன்றைய கும்மாளத்தைக் கேட்கவா வேண்டும்! முயல்குட்டிகள் இலைகளைச் சிறிசு பெரிசாகப் பிரித்து அடுக்கின. காய்ந்த இலை எப்படி நொறுங்குகிறது, ஈர இலை எப்படிச் சத்தமில்லாமல் மடங்குகிறது என்று மிதித்து மிதித்துப் பார்த்தன. முள்ளெலிக்குட்டி உருண்டிக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு முறை உருண்டதுதான் தாமதம், முதுகு முள்ளெல்லாம் இலை குத்திக்கொண்டது!

"டீச்சர், டீச்சர்! நான் எங்கே இருக்கேன், கண்டுபிடிங்க!"

கோழி தேடியது. உருண்டி அசையாமல் கிடந்தது. பக்கத்திலேயே நின்றும் கோழிக்குத் தெரியவில்லை.

பவழமூக்கி மட்டும் கல்மேல் உட்கார்ந்து சிறகைக் கோதிக்கொண்டிருந்தது.

"நீயும் வாயேன், பவழம்!" என்றது உருண்டி.

"சீ, அழுக்கு! இலையைப் பற்றி எனக்குத் தெரியாததா? பன்னிரண்டு பாட்டு தெரியும்! சொல்லட்டுமா?"

"வேண்டாம் தாயே!" என்று முயல்குட்டிகள் மூன்றும் ஒரே குரலில் கத்தின.

அந்த நேரம் பார்த்து ஒரு நிழல் தரையைக் கடந்தது.

"வல்லூறு! வல்லூறு!" என்று அலறியது கோழி.

முயல்குட்டிகள் ஈர இலைக்கடியில் சத்தமில்லாமல் நுழைந்துவிட்டன. கோழியும் நுழைந்தது, பாவம், வால் மட்டும் வெளியே நின்றது. பவழமூக்கிக்குப் பாட்டு உடனே நினைவுக்கு வந்தது. இலைக்குள் புகுந்து ஒளிஞ்சுக்கோ! விர்ரென்று பறந்து தேக்கு மரத்தின் உச்சிக்கிளையில் போய் உட்கார்ந்தது. கண்ணை இறுக மூடிக்கொண்டு கம்மென்று இருந்தது.

மரத்தில்தான் ஓர் இலைகூட இல்லையே! மொட்டைக் கிளையில் பச்சைப்பசேலென்று ஒற்றைக் கிளி. வல்லூறுக்குக் கொண்டாட்டம்! ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா?

"அடி பைத்தியமே! இலையெல்லாம் இங்கே கீழே இருக்கு! குதி!" என்று இலைகளுக்கிடையிலிருந்து கத்தியது உருண்டி.

பவழமூக்கி கண்ணைத் திறந்தது. மேலே வளைந்த நகங்கள்! இடப்பக்கம் இலை இல்லை, வலப்பக்கமும் இல்லை. சிறகை மடக்கிக்கொண்டு கல் விழுவதுபோல் தொப்பென்று இலைக்குவியலில் விழுந்தது. பச்சை வால் முழுதாக மறையவில்லை. உருண்டி ஓடி வந்து, முதுகு நிறைய இலையோடு அதன்மேல் பந்தாகச் சுருண்டுகொண்டது.

வல்லூறு பாய்ந்தது. இலைக்குவியலை ஒரே பிடியாகப் பிடித்தது.

"ஐயோ! அம்மா! என் காலு!"

இலைக்குள் இத்தனை முள் இருக்கும் என்று அது கனவிலும் நினைக்கவில்லை. காலை உதறிக்கொண்டு, நகத்தில் ஒரு தேக்கிலையோடு, நொண்டிப் பறந்து போய்விட்டது.

பவழமூக்கி வெளியே வந்தது. உடம்பெல்லாம் மண். அதைப் பற்றி அது கவலைப்படவே இல்லை. உருண்டியைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதது. முள் குத்தியபோதுகூட விடவில்லை.

மறுநாள் முதல் ஆளாக இலைக்குவியலில் குதித்தது யார் என்று நினைக்கிறீர்கள்? பவழமூக்கியேதான்!

"பவழம், எங்கே, அந்த வல்லூறுப் பாட்டைச் சொல்லு பார்ப்போம்!" என்றது கோழி.

"கொஞ்சம் பொறுங்க டீச்சர்! இலை இன்றைக்கு எங்கே இருக்கிறது என்று முதலில் பார்த்துவிட்டு வருகிறேன்!" என்று சொல்லிவிட்டு, மறுபடியும் தலைகுப்புற இலைக்குள் பாய்ந்தது கிளி.

வாயால் ஒப்பித்த பாடம் வாயோடு நின்றுவிடும். தொட்டுப் பார்த்துக் கற்ற பாடமே ஆபத்தில் கைகொடுக்கும்.